உழைத்தவர் மறைந்தபின் சேமலாபம் யாரைச் சேரும்?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் ஏறுவோர் வழக்கமாகச் சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவர். நாமோ இன்று ஒரு படிவத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பின்வரிசையிற் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகின்றது. மிஷன் பாடசாலையிற் படித்த பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்புவதைத் தவிர வேறென்ன தெரியும் என்று நினைக்கின்றீர்கள் போலும். அதில் ஓரளவு உண்மை உண்டு. எமக்கு இங்கிலீசு கற்பித்த ஆசிரியர் ஒருவர், ஒரு வருடம் முழுவதும், கிழமைக்கு ஒரு நாள், எங்கள் முழுப் பெயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிக் காட்டச் சொல்வார். அன்று அது தண்டனையாகத் தோன்றியது. ஈராண்டுகளுக்கு முன் எமது வட்டாரத்தில் நிகழ்ந்த ஒரு மரணத்தின் பின்னரே அதன் பயன் எமக்கு விளங்கிற்று.

இறந்தவர் துறைமுகப் பக்கத்துக் கம்பனி ஒன்றில் இருபது வருடம் உழைத்தவர். வயது நாற்பத்து மூன்று. விடியற்காலையில் நெஞ்சு நோகின்றது என்றார். ஆஸ்பத்திரி வாசலைக் காணுமுன் உயிர் பிரிந்தது. மனைவியும் இரு பிள்ளைகளும். ஊர் கூடியது. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் குறைவின்றி நடந்தன. கடனும் குறைவின்றி ஏறிற்று. "சேமலாபக் காசு வரும், வந்ததும் கொடுக்கலாம்" என்று சொல்லியே எல்லோரும் கொடுத்தார்கள், அந்த அம்மையாரும் அந்த நம்பிக்கையிலேயே வாங்கினார்.

முப்பத்தொன்று கழிந்தபின் எமது சங்கத்து இளைஞர் மூவர் அவ்வீட்டுக்குச் சென்றோம். அக்கா றங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்திக் பையிற் சுற்றிய கடதாசிகளை எடுத்து வைத்தார். சேமலாப நிதியத்தின் பி அட்டை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் நிரப்பிய படிவத்தின் பிரதியும் இருந்தது. அதில், தான் இறந்தால் பணம் யாருக்கு என்ற கட்டத்தில் ஒரு பெயர் இருந்தது.

"தம்பி, இதில மாமியின்ரை பேர்தானே கிடக்குது?" என்றார் அக்கா.

ஆம், தாயின் பெயர்தான். இருபத்து மூன்று வயதில், மணமாகாத நாளில், எந்த மகனும் எழுதக்கூடிய பெயர் அதுவே. பிழை அவர் அதை எழுதியதில் இல்லை. பின்னர் மணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தனர், தாயாரும் காலமானார். அந்தப் படிவம் மட்டும் இருபது வருடமும் அப்படியே கிடந்தது. பெயர் குறிக்கப்பட்டவர் அங்கத்தவருக்கு முன்பே இறந்துவிட்டால், அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இந்தச் சேமலாபம் என்பது என்ன என்று சிறிது சொல்லுவோம். இங்குள்ள முதியோர் பலருக்கு 1957 ஆம் ஆண்டு நினைவிருக்கும் அல்லது தந்தையர் சொல்லக் கேட்டிருப்பார்கள். அவ்வாண்டு ஒக்டோபர் 15 ஆம் நாள் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. அதுவரை எங்கள் ஊரில் உத்தியோகம் என்றால் தளத்து வேலையே. அடுத்த வருடமே, டி. பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராய் இருந்தபோது, 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமாக ஊழியர் சேமலாப நிதியம் பிறந்தது. தளத்தை விட்டுக் கம்பனிகளையும் கூட்டுத்தாபனங்களையும் நம்பிப் பிழைக்கத் தொடங்கிய இந்தத் துறைமுகப் பட்டினத்துக்கு அது ஏற்ற வேளையில் வந்த சட்டமாகும்.

இப்போது தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 12, ஆக 20 வீதம் மாதந்தோறும் அவர் கணக்கிற் சேர்கின்றது. ஐம்பதினாயிரம் ரூபா சம்பளக்காரருக்கு மாதம் பத்தாயிரம். வட்டியை விட்டு எண்ணினாலும் பத்து வருடத்தில் பன்னிரண்டு இலட்சம். கணக்கு வழக்குகளைத் தொழில் திணைக்களம் பார்க்கின்றது. பணத்தை மத்திய வங்கி முதலீடு செய்கின்றது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். அங்கத்தவர் இறந்தால் வயது எல்லை இல்லை. உடனே உரியவர் கேட்கலாம். அதற்கெனத் தனிப் படிவம் உண்டு, எல் படிவம் என்பர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேச்சுவழக்கில் நாம் இதைப் பென்சன் என்று சொல்லிவிடுகின்றோம். இது பென்சன் அன்று. ஒரே முறையிற் கைக்கு வரும் ஒரு தொகை மட்டுமே. அரசாங்க உத்தியோகத்தர் இறந்தால் நடப்பது வேறு. 1898 ஆம் ஆண்டிலேயே விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்திற்கு இந்நாட்டிற் கட்டளைச் சட்டம் பிறந்துவிட்டது. உத்தியோகத்தரின் சம்பளத்தில் மாதம் ஒரு சிறு பகுதி கழிக்கப்பட்டு, அவர் மறைந்தபின் மனைவிக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகின்றது. பெண் உத்தியோகத்தர் இறந்தால் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்க வழி செய்தது 1983 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம். எண்பத்தைந்து வருடம் கழித்தே அந்த நினைவு வந்தது என்பதைச் சகோதரிகள் குறித்துக்கொள்வார்களாக.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மனதிற் கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும். ஓய்வூதியம் சட்டம் சொல்லும் ஆளிடம் போகும்: மனைவி அல்லது கணவன், பிள்ளைகள். உத்தியோகத்தர் விரும்பினாலும் அதை வேறொருவர் பெயருக்குத் திருப்ப முடியாது. சேமலாபமோ அங்கத்தவர் எழுதிவைத்த ஆளிடம் போகும். தாய்க்கு எழுதலாம், மனைவிக்கு எழுதலாம், பலருக்குப் பங்கு பிரித்தும் எழுதலாம். ஆகவே எழுதியவர் மறந்துவிட்டால், அந்தச் சுதந்திரமே வீட்டாருக்கு விலங்காகிவிடுகின்றது.

பெயர் குறித்தவர் இல்லை என்றால், பணம் சட்டப்படியான உரித்தாளரைத் தேடத் தொடங்கும். பொதுச் சட்டத்தின்படி பாதி வாழ்க்கைத் துணைக்கு, பாதி பிள்ளைகளுக்கு. தேசவழமைக்கு உட்பட்டோர்க்குக் கணக்கு வேறு. தொகை பெரிதாயின் மாவட்ட நீதிமன்றம் வரையும் செல்ல நேரும். எங்கள் அக்காவுக்கு அந்த வழியும் நேராக இருக்கவில்லை. தொழிற் கந்தோரில் முதலிற் கேட்டது மரணச் சான்றிதழ், அது இருந்தது. அடுத்துக் கேட்டது விவாகச் சான்றிதழ். அது இல்லை.

"தாலி கட்டினதை ஊர் முழுக்கப் பார்த்தது. கந்தோருக்கு ஏன் தெரியாது?" என்று எங்களைக் கேட்டார். எமக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

அம்மன் சந்நிதியில், அக்கினி சாட்சியாய், குருக்கள் மந்திரம் ஓத நடந்த மணம் அது. இந்து முறைப்படி நடந்த மணம் சட்டப்படி செல்லும் என்று இந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி பதிந்தால் அந்தச் சான்றிதழே போதும். பதியாவிட்டால், மணம் நடந்தது என்பதைச் சாட்சிகளால் நிறுவ வேண்டிய பாரம் விதவையின் தலையில் விழுகின்றது. அன்று தாலி கட்டுவித்த குருக்கள் இன்று இல்லை. படம் எடுத்தவரின் கடை 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளோடு போயிற்று. பக்கத்து வீட்டார் இருவர் சத்தியக் கடதாசி கொடுக்க முன்வந்தனர்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தோம். பழைய மாதிரிப் பிறப்புச் சான்றிதழில், பெற்றோர் விவாகமானவர்களா என்றொரு கேள்வி இருப்பதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். விவாகப் பதிவு இல்லாத காரணத்தால், பிறப்பைப் பதிந்தவர் அதற்கு நேரே "இல்லை" என்று எழுதியிருந்தார். பதின்மூன்று வயது மகள் அந்தச் சொல்லை எங்கள் முன்னே வாசித்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது. தகப்பனின் சொத்துக்குப் பிள்ளைகள் உரித்துக் கேட்கும்போது அந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் வழியை மறிக்கும் என்பதை நாம் அவளுக்குச் சொல்லவில்லை.

சமயச் சடங்கைக் குறைத்துப் பேசுகின்றோம் என எவரும் எண்ணலாகாது. குருக்கள் ஐயா அவர்களும் இச்சபையில் இருக்கின்றார். தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்திலேயே பதிவாளர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பதைப் பட்டணத்து மணவீடுகள் பலவற்றிற் காண்கின்றோம். பதினைந்து நிமிட வேலை. பந்திக்குக் காய்கறி நறுக்கும் நேரத்தில் முடிந்துவிடும். எமது திருக்கடலூரிலும் மனையாவெளியிலும் அந்த மேசை இன்னும் எல்லாப் பந்தலிலும் இல்லை.

பெயர் எழுதும் விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் அக்காவின் கணவர் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாக, சம்பளப் பட்டியலில் இன்னொரு விதமாக, மரணச் சான்றிதழில் மூன்றாவது விதமாக இருந்தது. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றே. இங்கிலீசு எழுத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு எல்லா, இரண்டு எல்லா என்பதே வழக்கு. தந்தை பெயரை முதலெழுத்தாக்குவது எங்கள் சம்பிரதாயம். கம்பனிக் கணக்கரோ அதைக் குடும்பப் பெயர் என்று எண்ணிக் கடைசியிற் போட்டுவிட்டார். மூவரும் ஒருவரே என்று காட்ட மேலும் ஒரு சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்திற்கு இரண்டு நடை. எமது பழைய ஆசிரியரை அப்போதுதான் நினைத்துக்கொண்டோம்.

சேமலாபம் ஒன்றையே பேசிக்கொண்டிருக்கின்றோம். உழைத்தவருக்கு உரியவை வேறும் உண்டு. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சம்பளத்தின் 3 வீதத்தை முதலாளியே கட்ட வேண்டும், தொழிலாளியிடம் கழிக்கக் கூடாது. வேலையில் இருக்கும்போதே அங்கத்தவர் இறந்தால், கணக்கிலுள்ள பணத்தோடு ஆயுட் காப்புறுதி நன்மையும் உண்டு. இதைக் கேட்காமலே விட்டவர்கள் எமது வட்டாரத்தில் மட்டும் மூன்று வீட்டார். பின்னர் பணிக்கொடை: 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்குப் பதினான்கு நாட் சம்பளம். இறந்தால் உரித்தாளருக்குச் சேரும். வேலையிடத்து விபத்தில் இறந்திருந்தால் 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேறு உண்டு. அது பெயர் குறித்தவரைக் கேட்பதில்லை, அவர் உழைப்பில் தங்கியிருந்தவர் யார் என்றே கேட்கின்றது. கப்பல் மேடையிலும் களஞ்சியத்திலும் நிற்கும் சகோதரர்கள் இதை வீட்டிற் சொல்லி வைக்க வேண்டும்.

இவற்றில் எதையும் கம்பனி வீட்டுக்குக் கொண்டுவந்து தரவேண்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நல்ல முதலாளிமார் இல்லாமல் இல்லை. இறந்தவர் வீட்டுக்கு எழுதுவினைஞரையே அனுப்பிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்களையும் நாம் அறிவோம். மாதச் சம்பளத்திற் சேமலாபத்தைக் கழித்துவிட்டு, கட்ட வேண்டிய இடத்திற் கட்டாமல் விட்டவர்களையும் அறிவோம். உயிரோடிருப்பவர் கணக்குக் கூற்றைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். இறந்தவரின் மனைவி எந்த மாதம் எவ்வளவு விடுபட்டது என்று எப்படி அறிவார்?

இனி, சொல்லத் தயங்கும் ஒரு பகுதிக்கு வருகின்றோம். இதுவரை மரணச் சான்றிதழ் கையில் உள்ள வீட்டைப் பற்றியே பேசினோம். அதுவே இல்லாத வீடுகள் எமது மாவட்டத்தில் எத்தனை?

2004 மார்கழி 26 ஆம் நாள் கடல் கொண்டுபோனவர் பலரின் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் மரணத்தைப் பதிய வழியின்றி, பதியாமற் சேமலாபமோ ஓய்வூதியமோ பெற வழியின்றிக் குடும்பங்கள் நின்றபோது, 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் அதற்கு ஒரு வழி திறந்தது. கடல் எடுத்ததை எல்லோரும் கண்டோம். ஆதலால் மனம் ஒருவாறு ஏற்றுக்கொண்டது. போர்க்காலத்திற் காணாமற்போனவர் வீட்டுக் கதை அப்படி அன்று. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேலானவருக்கு மரணச் சான்றிதழ் பெற இடமளித்தது. பல தாய்மார் அதை வாங்க மறுத்தனர். மகனின் சேமலாபப் பணத்துக்காக அவன் இறந்தான் என்று நானே கையொப்பம் இடுவதா என்பதே அவர்கள் கேள்வி. அதைக் கேட்டு, படியாத பேச்சு என்று சொன்ன படித்தவர்களும் உண்டு. நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். கடதாசிக்கு ஒரு பொருள்தான். அந்தத் தாய்க்கு அதில் இரண்டு பொருள் தெரிந்தது.

2016 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று வழங்க ஏற்பாடாயிற்று. அதைக்கொண்டு காணாமற்போனவரின் உடைமைகளைக் கவனிக்கவும், குடும்பத்துக்குரிய நன்மைகளைக் கேட்கவும் வழி உண்டு. தேடுவதைக் கைவிட்டதாக அது ஆகாது. இந்தச் சான்றிதழ் இருப்பதையே அறியாத வீடுகள் எமது வட்டாரத்தில் உண்டு என்பதைச் சென்ற தைப்பொங்கலுக்குப் பின் வீடு வீடாகச் சென்றபோது கண்டோம். வேண்டாம் என்று சொல்பவரை நாம் வற்புறுத்தவில்லை. அறியாமல் இருப்பவருக்கு அறிவிப்பது மட்டுமே எமது வேலை.

வெளிநாடுகளில் உள்ள எமது உறவினரும் இவ்வூர்ச் சிக்கலுக்கு விலக்கு அன்று. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955 இல், எமது நிதியத்துக்கு மூன்று வருடம் முன்பே தொடங்கியது. அங்கே மரணசாதனம் எழுதிவைத்தாலும் அது சேமநிதியைக் கட்டுப்படுத்தாது. நிதிக்கெனத் தனியே பெயர் குறிக்க வேண்டும். மணம் செய்தால், முன்னர் குறித்த பெயர் தானாகவே செல்லாமற் போகும். புதிதாகக் குறிக்காவிட்டால் பொது அறங்காவலர் சட்டப்படி பங்கிடுவார். எங்கள் அக்காவின் வீட்டில் நடந்ததைப் போன்றதை முன்கூட்டியே நினைத்து எழுதிய விதி போல அது தோன்றுகின்றது. இந்தியாவில் 1971 ஆம் ஆண்டிலேயே கம்பனித் தொழிலாளர் குடும்பத்துக்கும் ஓய்வூதியத் திட்டம் வந்தது; 1995 முதல் வேறொரு திட்டமாக அது நடக்கின்றது. தொகை சிறிதே என்று அங்குள்ளோர் குறைகூறுவது உண்மை. எனினும் மாதம் ஒரு முறை வருகின்றது. எமது நாட்டில் கம்பனித் தொழிலாளியின் விதவைக்கு அந்த மாத வரவு இல்லை. மொத்தமாக வரும் பணம் கடனுக்கும் கூரைக்கும் போய்விட்டால் அடுத்த மாதத்துக்கு என்ன என்பது, சட்டமன்றத்திற் பேசப்பட வேண்டிய கேள்வி. இங்கே அதை எழுப்பி வைக்கின்றோம்.

எம்மால் இங்கே செய்யக்கூடியது சிறிய காரியம். வருகிற ஞாயிறு முதல் நான்கு ஞாயிறுகள், காலைப் பூசைக்குப் பின், சங்கத்து வாசிகசாலையில் நாம் நால்வர் இருப்போம். வேலைக்குப் போகும் எவரும், எச்சமயத்தவராயினும், பி அட்டையையும் அடையாள அட்டையையும் கொண்டு வரலாம். பழைய படிவத்தில் யார் பெயர் இருக்கின்றது என்பது நினைவில்லாவிட்டால், புதிதாக எழுதிக் கொடுக்கலாம். அதைக் கம்பனிக் கந்தோரிற் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கும் வரை கூட வருவோம். மணம் பதியாதவர்களுக்குப் பதிவாளர் ஐயா மூன்றாம் ஞாயிறு வருவதாக வாக்களித்துள்ளார். மணமாகி முப்பது வருடமான தம்பதியரும் வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சென்ற வாரம் அப்படி ஒரு பெரியவர் வந்து, "பேரப்பிள்ளை சாட்சிக் கையொப்பம் வைக்கலாமோ தம்பி?" என்று கேட்டார். பதினெட்டு வயது நிறைந்திருந்தால் வைக்கலாமா என்று பதிவாளரிடமே கேட்டுச் சொல்வதாகக் கூறினோம்.

அக்காவின் காரியத்தையும் கேட்பீர்கள். பணிக்கொடை சென்ற ஆவணியிற் கிடைத்தது. எட்டுச் செலவுக் கடனில் முக்காற்பங்கு அடைந்தது. காப்புறுதிப் பணத்துக்கு எழுதியிருக்கின்றோம். சேமலாபத்துக்கான வழக்கு மாவட்ட நீதிமன்றில் இருக்கின்றது. சட்டத்தரணி ஒருவர் கட்டணம் வாங்காமற் பேசுகின்றார். அடுத்த தவணை இம்மாதம் இருபத்திரண்டாந் திகதி. மணப்பந்தலிற் பந்தி பரிமாறிய இருவர் சாட்சி சொல்ல வருகின்றார்கள். ஒருவருக்கு நடக்க இயலாது. முச்சக்கர வண்டி வைத்துக் கூட்டிப்போக ஒழுங்கு செய்துள்ளோம்.